புதுக் கணினியில் அத்தையின் ராஜ்யம்

அத்தை,

போன மாதம் கோரிப்பாளையம் சிக்னலுக்குப் பக்கத்துச் சந்தில், கணினி ரிப்பேர் பார்க்கும் பாய் கடையில் வைத்து நம் பழைய கணினியைத் திறந்தார்கள். பக்கவாட்டுத் தகட்டின் திருகுகளைக் கழற்றி இழுத்ததும் சந்தன வாசம் குப்பென்று வந்தது. தூசியும் சந்தனமும் கற்பூரமும் கலந்த வாசம். ஒரு நிமிடம் நீங்கள் குளித்து முழுகி பூஜைத் தட்டோடு பக்கத்தில் வந்து நிற்கிறீர்கள் என்றே நினைத்துவிட்டேன்.

பாய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, இது கம்ப்யூட்டரா, சாமி ரூமா?"

எல்லாம் நீங்கள் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த பொட்டுதான். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் அளவாக ஒரு விரல். கணினிக்கு மட்டும் குழைத்துக் குழைத்து அப்புவீர்கள், அதுவும் காற்றுப் போக விட்டிருக்கும் ஓட்டைகளுக்கு மேலேயே. 'பொட்டு வைக்கன்னே எடம் விட்டிருக்கான் பாரு' என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு. வருடாவருடம் அந்தச் சந்தனம் காய்ந்து உதிர்ந்து உள்ளே போய், காற்றாடி இறக்கையில் அப்பிக்கொண்டு, கடைசியில் அந்தக் காற்றாடியே நின்றுபோயிருக்கிறது. பாய் அதைக் கழற்றிக் காட்டியபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பவர் சப்ளை போயிருச்சு. மதர்போர்டும் அவுட்டு. ஹார்ட் டிஸ்க் மட்டும் உசுரோட இருக்குக்கா. உள்ள இருக்கறத எடுத்துக் குடுத்துரலாம்" என்றார். சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாய் என்ன நினைத்தாரோ, பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அத்தை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் வாசலில் ஆட்டோவை நிற்க வைத்துவிட்டு உங்கள் முறையை ஆடிவிட்டுப் போனீர்களே, என்ன ஆடினீர்கள் என்று பார்க்க வேண்டும். நீங்கள் திரும்பி வரவில்லை. காரியம் முடிந்த பிறகும் அந்த நாற்காலியில் உட்கார எனக்கு மனசு வரவில்லை. மனசு வந்து ஸ்விட்சைப் போட்டபோது கணினி எழுந்திருக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த முறை அந்த டிஸ்க்குக்குள்ளேயே கிடந்தது.

நாம் ஆட ஆரம்பித்ததே ஒரு சண்டையில்தான். கல்யாணமாகி வந்த புதிது. உங்கள் மகன் கம்பெனி வேலையாக வாரத்தில் பாதி நாள் வெளியூரில். வில்லாபுரத்து வீட்டில் நீங்களும் நானும் மட்டும். பேசிக்கொள்ள நமக்கு உப்பும் புளியும் தவிர ஒன்றும் கிடையாது. நீங்கள் அப்போதுதான் தல்லாகுளத்து ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றிருந்தீர்கள். ஆபீசுக்குக் கணினி வந்தபோது எல்லோரும் கடிதம் அடிக்கக் கற்றுக்கொள்ள, நீங்கள் முதலில் சீட்டாட்டத்தைக் கற்றுக்கொண்டதாக உங்கள் மகன் சொல்லியிருக்கிறார். வீட்டிலும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அதுதான். ஒரு நாள் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அந்தக் கறுப்பு ஏழ சிவப்பு எட்டு மேல வைக்கலாமே அத்தை" என்றேன்.

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆடுறது நானா, நீயா?"

"நீங்கதான்."

"பெறகென்ன? அம்புட்டுத் தெரிஞ்சா நீயும் உக்காந்து ஆடு. பின்னால நின்னு நொட்டை சொல்றது யாருக்கும் வரும்."

சீட்டை இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியாது. உங்கள் மகன் கல்லூரிக் காலத்தில் வாங்கித் தொடாமலே வைத்திருந்த சி.டி.க்களைக் குடைந்ததில் அந்த ராஜ்ய ஆட்டம் கிடைத்தது. ஒரு தீவு. அதில் இரண்டு ராஜ்யம். ஊர்கள் கட்ட வேண்டும், வயல் போட வேண்டும், படை சேர்க்க வேண்டும், எதிரியின் தலைநகரைப் பிடித்தால் ஜெயம். ஒரே கணினியில் இரண்டு பேரும் மாறி மாறி ஆடலாம். ஒருவர் தன் முறையை முடித்துச் சேமித்துவிட்டு எழுந்தால், அடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் வந்து தன் முறையை ஆடலாம். காலையில் காபி குடித்துவிட்டு, வக்கீல் ஆபீஸ் வேலைக்குப் பஸ் பிடிக்கக் கிளம்புமுன் என் முறை. மதியம் சாப்பாட்டுக்கு மேல் உங்கள் முறை. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒன்று. ஒரு ஆட்டம் முடிய மாதக்கணக்காகும்.

ஊர்களுக்குப் பேர் வைப்பதில்கூட வம்புதான். வில்லாபுரம் என்ற பேரை நான் வைக்கப் போனபோது, "அது என் வீடு. நாந்தேன் வைப்பேன்" என்று பிடுங்கிக்கொண்டீர்கள். உங்கள் தலைநகர் தல்லாகுளம். எனக்குக் கோரிப்பாளையம் கிடைத்தது. கடலோரம் நான் கட்டிய துறைமுகத்துக்குத் தெப்பக்குளம் என்று பேர் வைத்தேன். மதுரையில் தண்ணீர் நிற்கும் இடம் என்று எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் முதல் தடவையாக என் எதிரில் வாய்விட்டுச் சிரித்தீர்கள்.

சட்டம் ஒன்றே ஒன்று. அடுப்படியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது. ஆட்டத்தில் அடுப்படியைப் பற்றி எதுவும் செய்யலாம். ரசத்தில் புளி தூக்கலாகிவிட்டால் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். சாயந்தரம் நான் திரும்பி வந்து பார்த்தால் என் எல்லையில் இரண்டு வயல் எரிந்து கிடக்கும். நானும் சும்மா இருக்கவில்லை. என் அம்மா வீட்டிலிருந்து வந்த முறுக்கை 'கல்லு மாதிரி இருக்கு' என்று அக்கம்பக்கத்தில் சொன்னீர்கள் என்று காதுக்கு வந்த மறுநாள், உங்கள் அவனியாபுரத்தைப் பிடித்தேன். உங்கள் மகன் தலையில் கை வைத்துக்கொண்டு, "மத்த வீட்டுல மாமியா மருமக சண்டைன்னா நடுவுல போயி நிக்கலாம். இங்க நான் எங்கிட்டுப் போயி நிக்க, கடலுக்குள்ளயா?" என்றார்.

கப்பல் சண்டை நினைவிருக்கிறதா? நெல் ஏற்றி நிறுத்தியிருந்த உங்கள் கப்பல்கள் மறுநாள் திறந்தால் காணோம். நான்தான் உங்கள் முறையில் நுழைந்து எதையோ செய்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். நான் சத்தியம் பண்ணியும் நம்பவில்லை. வீட்டில் பேச்சு வார்த்தை நின்றது. உங்கள் மகன் ஊரிலிருந்து வந்து, நெட் சென்டரில் போய் உட்கார்ந்து தேடி, அது ஆட்டத்திலேயே இருக்கும் கோளாறு, சேமிக்கும்போது கப்பல் மறைந்துவிடும், உலகம் முழுக்க எல்லோருக்கும் இப்படித்தான் என்று கண்டுபிடித்தார். அதற்கு ஒரு திருத்தம் வந்திருந்தது. அதை எடுத்து வந்து போட்டார். நீங்கள் மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆளா? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பில் தலை என் தட்டுக்கு வந்தது.

உங்களைப் பற்றி எனக்குச் சரியாகப் புரிந்தது ஒரு கல்யாண வீட்டுக்குப் பிறகுதான். உங்கள் சொந்தக்காரப் பெண்மணி ஒருவர், பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, இன்னும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லையா என்று ஆரம்பித்து, அந்த டாக்டர் இந்தக் கோயில் என்று அடுக்கி, கடைசியில் என் கையைப் பிடித்துத் தடவி, "பாவம், நல்ல பிள்ள" என்றார். வீடு வரைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். நீங்களும் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு உங்கள் மேல்தான் அதிகம் கோபம் வந்தது.

மறுநாள் சாயந்தரம் ஆபீஸ் விட்டு வந்து கணினியைத் திறந்து பார்க்கிறேன், என் நெல் களஞ்சியம் இருந்த ஊர் போயிருக்கிறது! அது மட்டுமா, பக்கத்து ஊரைச் சுற்றியும் உங்கள் படை. இரக்கமே இல்லாத அடி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அடுத்த நாள் காலையில் என் முறையை ஆடிவிட்டு, தல்லாகுளம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அதற்கடுத்த முறை எங்கே அடிக்கலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டே போனேன். வக்கீல் ஆபீசில் மனு அடித்துக்கொண்டிருக்கும்போதும் அதே நினைப்பு. மத்தியானம்தான் திடீரென்று உறைத்தது, அந்தக் கல்யாண வீட்டை நான் காலையிலிருந்து நினைக்கவே இல்லை என்று. சாயந்தரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நீங்கள் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"இப்பத்தேன் மூஞ்சி மூஞ்சியா இருக்கு" என்றீர்கள்.

அன்றைக்குத்தான் உங்கள் வேலையைப் பற்றிச் சொன்னீர்கள். மாமா போனபோது உங்களுக்குச் சின்ன வயது, கைக்குழந்தை. உசிலம்பட்டிப் பக்கம் காட்டு வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்து, பத்தாவது வரை படித்திருந்த உங்களுக்கு மாமாவின் வேலை கிடைத்தது. "ஆர்டர்லயே போட்டிருந்தான்த்தா, கருணை அடிப்படைன்னு. என் சர்வீசு பூராம் அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தேன் என்னைய அமுக்குனானுக. நல்லா வேல பாத்தாலும் 'பாவம், புருசன் இல்லாத பொம்பள' தேன். தப்புப் பண்ணாலும் 'பாவம்' தேன். ஒருத்தன்கூட எங்கிட்ட மல்லுக்கு நின்னதில்ல. மல்லுக்கு நிக்கிறதுக்கும் ஒரு மதிப்பு வேணும்ல?"

அன்றிலிருந்து நான் உங்களோடு நிஜமாகவே மல்லுக்கு நின்றேன். ஆனாலும் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. எத்தனை வருடம்! நெருங்கி வருவேன், கடைசியில் எங்கிருந்தோ ஒரு படையை இறக்கிவிடுவீர்கள்.

கடைசி ஆட்டத்தில்தான் என் கை ஓங்கியது. தல்லாகுளத்தை முக்கால்வாசி வளைத்துவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து உங்களுக்கு இருதயக் கோளாறு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாற்காலியில் ஒரு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு ஆடினீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. என் படையை முன்னேற்றாமல், சும்மா அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்திவிட்டுச் சேமித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கா தெரியாது?

அடுப்படிச் சட்டத்தை நீங்களே உடைத்தீர்கள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றீர்கள்.

"என்னத்தா, பாவம் பாக்குறியா?"

"அதெல்லாம் இல்ல அத்தை. படைக்கு நெல்லு பத்தல."

"பொய் சொல்லாத. ஒங் களஞ்சியம் நெறஞ்சு கெடக்கு, நான் பாத்தேன். நோயாளின்னு நெனச்சு ஆடுறதா இருந்தா ஆடவே வேணாம், எந்திரிச்சுப் போ. நீயும் அந்த ஆபீஸ்காரனுக மாதிரி ஆயிட்டேன்னா நான் யாரோட ஆடுறது?"

குரல் நடுங்கியது, கோபத்தில். நான் அடுப்பை அணைத்துவிட்டு நேரே போய் உட்கார்ந்து, துறைமுகக் காவலைக்கூட எடுத்துக்கொண்டு வந்து, எல்லாப் படையையும் தல்லாகுளத்து வாசலில் நிறுத்திவிட்டுத்தான் எழுந்தேன்.

அதற்குப் பதிலடிதான் ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் நீங்கள் ஆடியது. வெள்ளனவே கிளம்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டோக்காரர் ஹாரன் மேல் ஹாரன் அடிக்கிறார். உங்கள் மகன் பையோடு வாசலில் நிற்கிறார். நீங்கள் கணினியில்!

"அத்தை, ஆட்டோ நிக்குது!"

"இருத்தா, இந்தா இம்புட்டுத்தேன்… முடிச்சுட்டேன்."

ஆட்டோவில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அவனியாபுரம் ரோட்டு மேடு பள்ளத்தில் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டேன். "வந்து பாத்துக்க" என்றீர்கள். முகத்தில் அப்படி ஒரு திருட்டுச் சிரிப்பு.

வந்து பார்ப்பது அவ்வளவு லேசாக இல்லை, அத்தை. புதிதாக மடிக்கணினி வாங்கியிருக்கிறோம். உங்கள் மகன் இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். நான் பழைய கணினியைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்துவிட்டு, அதே ஆட்டத்தின் புதுப் பதிப்பை வாங்கிக் கொடுத்தார். ஒரு சொடுக்கில் திறந்துகொண்டது. அடடா, என்ன அழகு தெரியுமா! கடலில் அலை அடிக்கிறது, வயலில் கதிர் ஆடுகிறது, படைவீரனின் மீசை கூடத் தெரிகிறது. எதிரி ராஜ்யத்தைக் கணினியே ஆடுகிறது, நன்றாகவும் ஆடுகிறது. ஆனால் நான் அதன் ஊரைப் பிடித்தால் அதற்குக் கோபமே வருவதில்லை. கொஞ்ச நாளில் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நம்முடைய பழைய ஆட்டத்தையும் அது திறக்காது என்று தெரிந்தது. அப்புறம்தான் பாய் கடைக்குப் போனேன்.

பாய் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். நம் ஆட்டத்தைச் சொடுக்கினேன். 'இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது, அவ்வளவுதான். பழைய இயங்குதளத்துக்கு எழுதிய ஆட்டங்களைப் புதுசு சேர்த்துக்கொள்ளாதாம். இணையத்தில் தேடினேன். எந்தெந்தத் தேசத்துக்காரர்களோ இதே ஆட்டத்தை வைத்துக்கொண்டு இதே புலம்பல் புலம்பியிருந்தார்கள். ஒருவர் சொன்னபடி, பழைய இயங்குதளத்தில் ஓடுவது போலவே ஓடச் சொல்லும் ஒரு அமைப்பை மாற்றினேன். ஓடியது. ஆனால் வயலெல்லாம் ஊதா, கடல் ரோஸ் கலர். உங்கள் செங்கொடி என் நீலமாகப் பறந்தது. நீங்கள் பார்த்திருந்தால் உங்கள் கொடியை நான் என் கட்சிக்கு மாற்றிவிட்டதாக என்னைச் சாடியிருப்பீர்கள்.

நிறத்தைச் சரிசெய்தால் வேகம் கூடிப்போனது. பழைய ஆட்டத்துக்குப் புதுக் கணினியின் ஓட்டம் தாங்கவில்லை. மவுசைத் திரையின் ஓரத்துக்குக் கொஞ்சம் கொண்டுபோனால் போதும், வரைபடம் பறந்து, நான் தீவின் மறுகோடிக் கடலில் கிடந்தேன். ஒரு ஊரில் நிற்க முடியவில்லை. உங்கள் மகன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், "இதுக்கெல்லாம் ஒரே வழிதான்" என்றார். புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியைப் போல் நடிக்கும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதற்குள் பழைய இயங்குதளத்தைப் போட்டு, அதன் வேகத்தைக் குறைத்து, அதற்குள் சி.டி.யிலிருந்து ஆட்டத்தைப் புதிதாக நிறுவினோம். நம் பழைய திரை அப்படியே வந்தது. அதே பச்சை, அதே சிவப்பு.

சேமித்திருந்த ஆட்டத்தைத் திறந்தேன். 'இது வேறு பதிப்பில் சேமிக்கப்பட்டது' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது. அத்தை, அப்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இவ்வளவு தூரம் வந்து வாசலில் நிற்கிறேன், கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்களே என்று இருந்தது. உங்கள் மகன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். திடீரென்று, "ஏய், கப்பல்!" என்றார்.

"என்ன கப்பல்?"

"அம்மா கப்பலக் காணாமின்னு சண்டை போட்டாங்கள்ல, அப்ப ஒரு திருத்தம் போட்டேன்ல! சி.டி.யில இருக்கறது அதுக்கு முந்துன பதிப்பு."

அதைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் பழைய ஆட்டங்களின் திருத்தங்களையெல்லாம் சேர்த்து ஒரு தளத்தில் போட்டு வைத்திருக்கிறார். எந்த ஊர்க்காரரோ, நன்றாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காபி ஆறிக்கொண்டிருந்தது. திருத்தத்தைப் போட்டுவிட்டுத் திறந்தேன். திறந்துகொண்டது. 'உங்கள் முறை' என்று என் பேர் வந்தது. சொடுக்கினேன்.

முதலில் தல்லாகுளத்தைத்தான் பார்த்தேன். என் படை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. உள்ளே பெயருக்கு ஒரு காவல். மற்றபடி காலி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உடம்பு முடியாமல் விட்டுவிட்டீர்களோ, எனக்கு ஜெயத்தைக் கொடுத்துவிட்டுப் போக நினைத்தீர்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு வரைபடத்தைக் கீழே இழுத்தேன். தெப்பக்குளத்தின் மேல் உங்கள் செங்கொடி பறக்கிறது! நான் காவலை எடுத்துவிட்டதைப் பார்த்திருக்கிறீர்கள். இருந்த படையையெல்லாம் கப்பலில் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து இறக்கியது போல என் துறைமுகத்தைப் பிடித்துவிட்டீர்கள். அங்கிருந்து என் கோரிப்பாளையம் ஒரே எட்டு. அடுத்த முறை உங்களுக்கு வந்தால் நான் காலி.

நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து உங்கள் மகன் ஓடி வந்தார். நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

"பாருங்க உங்கம்மாவ! ஆட்டோவ நிக்க வச்சுட்டு என் துறைமுகத்தப் பிடிச்சிருக்காங்க!"

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல இந்தக் குசும்பு தேவையா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் சிரிப்பு நின்றது. இப்போது என் முறை. உங்கள் தலைநகர் காலியாகக் கிடக்கிறது. என் படை வாசலில் நிற்கிறது. ஒரு அடி எடுத்து வைத்தால் ஆட்டம் முடிந்துவிடும். வரைபடத்தில் உங்கள் கொடி ஒன்றுகூட இருக்காது. வில்லாபுரம், அவனியாபுரம் எல்லாம் என் நிறமாகிவிடும். என் கை மவுசை விட்டு விலகிக்கொண்டது.

உங்கள் மகனும் அதைத்தான் சொன்னார். "விட்ரு. அம்மா ஆடுனது அப்படியே இருக்கட்டும். எப்பயாவது தெறந்து பாத்துக்கலாம்."

அன்று மத்தியானம் வரைக்கும் எழுந்து போவதும் வந்து பார்ப்பதுமாக இருந்தேன். காயை அரிந்தேன், துணியை ஊறப்போட்டேன், திரும்ப வந்து நின்றேன். நீங்கள் போட்டது பெரிய பந்தயம், அத்தை. தலைநகரைக் காலி செய்தால் நான் நுழைந்துவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரியும். நுழைய மாட்டேன், துறைமுகம் போன பதற்றத்தில் படையைத் திருப்பிக்கொண்டு ஓடி வருவேன், இல்லையென்றால் கிழவி படுத்திருக்கிறாளே என்று கை வராமல் நிற்பேன் என்று என்னைக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நான் பாவம் பார்த்தால் நீங்கள் ஜெயிக்கிறீர்கள். அதைத்தான் அந்தத் திருட்டுச் சிரிப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னை எப்படித் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்! என்னைப் பெற்றவர்கள்கூட இந்த மாதிரி என்னைப் படித்ததில்லை என்று தோன்றியது.

அந்தக் கொடியை அப்படியே காப்பாற்றி வைத்தால், உங்கள் ஆபீஸ்காரர்கள் உங்களுக்குச் செய்ததைத்தான் நானும் செய்கிறேன். அது எனக்கு வேண்டாம். உட்கார்ந்தேன். படையை உள்ளே அனுப்பினேன்.

எக்காளம் முழங்கியது. உங்கள் செங்கொடிகள் ஒவ்வொன்றாக இறங்கி எல்லாம் என் நீலமாயின. ஜெயித்துவிட்டேன், அத்தை. முதல் தடவை! அப்போது அழுதேன். நன்றாக, சத்தம் போட்டு அழுதேன். உங்கள் மகன் என் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அம்மா இருந்திருந்தா இந்நேரம் மூஞ்சியத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. ரெண்டு நாளைக்குச் சோத்துல உப்பு இருந்திருக்காது" என்றார். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன். பிரதி எடுத்து வைத்திருக்கிறோம், வேண்டுமானால் திரும்பப் போய் வேறு மாதிரி ஆடலாம் என்றும் சொன்னார். ஆடியது ஆடியதுதான் என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது, வெகுநாளைக்குப் பிறகு.

இப்போதும் விசேஷ வீடுகளுக்குப் போகிறேன். என் கையைப் பிடித்துத் தடவ வருகிறவர்கள் வருகிறார்கள். நான் கையை உருவிக்கொண்டு, "எனக்கு என்ன குறைச்சல்? சாம்பார் ஊத்தச் சொல்லுங்க" என்கிறேன். உடன் உட்கார்ந்திருப்பவர்கள் விழிக்கிறார்கள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவளை நீங்கள் எதிரியாக வரித்துக்கொண்டு முழுப் பலத்தோடு அடித்தீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்ததில்லை. அதை நான் விடப் போவதில்லை.

போன புதன்கிழமை உங்கள் மகன், "எனக்குந்தான் கத்துக்குடேன்" என்று வந்து உட்கார்ந்தார். உங்கள் ராஜ்யத்தை அவருக்குக் கொடுக்கவில்லை, புது ஆட்டம்தான் போட்டோம். பாவம், படையை எங்கே நிறுத்துவதென்றே அவருக்குத் தெரியவில்லை. ஆசை ஆசையாகக் கடலோரத்தில் ஒரு ஊர் கட்டினார். நேற்று அதை எடுத்துவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அத்தை.

இன்று காலை காபியைக் குடித்துவிட்டு உட்கார்ந்து, பக்கத்து ஊரையும் எடுத்தேன்.